சாவை அழகாகப் பாடலாமா?

கடலூரில் தமிழ் இலக்கியம் படிக்கும் ஒரு தம்பி, முதிர்ந்த வயதில் இறந்துபோன தன் ஆயாவைப் பற்றி ஒரு கவிதை எழுதி வகுப்பில் வாசித்திருக்கிறார். பாதிப் பேர் கை தட்டியிருக்கிறார்கள். மீதிப் பேர், “சாவை அழகாகக் காட்டுவது பொய், ஒருவகையில் ஆபத்தும்கூட” என்று சண்டைக்கு வந்துவிட்டார்களாம். “சாவை அழகாகப் பாடலாமா? பாடினால் எப்படிப் பாடுவது?” என்று கவிதையையும் சேர்த்து அனுப்பிக் கேட்டிருக்கிறார்.

தம்பி, தாராளமாகப் பாடலாம். இரண்டாயிரம் வருஷமாகப் பாடிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் உங்கள் நண்பர்கள் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது, அதைத் தள்ளிவிட வேண்டாம். எந்தச் சாவு, யார் பாடுகிறார், யார் காதில் விழப் பாடுகிறார் என்பதைப் பார்க்காமல் மொத்தமாக அழகு என்றும் சொல்ல முடியாது, பொய் என்றும் சொல்ல முடியாது.

நம் பக்கத்து ஜனங்களுக்கு இது எந்தக் கவிஞரும் சொல்லாமலே தெரியும். பேரன் பேத்தி எடுத்து, கொள்ளுப்பேரனையும் பார்த்துவிட்டுப் போனவர் என்றால் அது கல்யாணச் சாவு. பறை முழங்கும், வெடி போடுவார்கள், தேர் மாதிரி பாடை கட்டுவார்கள், தெருவெல்லாம் சாமந்தி கிடக்கும், சின்னப் பையன்கள் ஆடிக்கொண்டே முன்னால் போவார்கள். அதே தெருவில் இருபது வயசுப் பையன் வண்டியில் அடிபட்டுச் செத்தால் அந்தப் பறையின் அடியே வேறு. வெடி கிடையாது. யாரும் ஆட மாட்டார்கள். உங்கள் ஆயா கவிதை எடுபட்டதற்கு முதல் காரணம் உங்கள் திறமை இல்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். அது கல்யாணச் சாவு. கேட்டவர்கள் மனசு ஏற்கெனவே பாதி தூரம் வந்து நின்றது.

சரி, கவிதைக்கு வருவோம். எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தில் தமிழில் மிக அழகான பாட்டு புறநானூற்றின் 256ஆம் பாட்டு. எழுதியவர் பெயர் தெரியாது. கணவனை இழந்த ஒருத்தி குயவனிடம் பேசுகிறாள்:

கலம்செய் கோவே! கலம்செய் கோவே!
அச்சுடைச் சாகாட்டு ஆரம் பொருந்திய
சிறுவெண் பல்லி போலத் தன்னொடு
சுரம்பல வந்த எமக்கும் அருளி
வியன்மலர் அகன்பொழில் ஈமத் தாழி
அகலிது ஆக வனைமோ
நனந்தலை மூதூர்க் கலம்செய் கோவே!

வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன வெள்ளைப் பல்லி போல அவனோடு எத்தனையோ சுரம், அதாவது வறண்ட காட்டுவழி, கடந்து வந்தவள் நான். எனக்கும் கருணை காட்டி, அவனைப் புதைக்கும் தாழியை நானும் அடங்கும்படி கொஞ்சம் அகலமாக வனைந்துகொடு என்கிறாள். அவ்வளவுதான் பாட்டு. கண்ணீர் என்று ஒரு சொல் இல்லை. விதி, காலன், மறுமை எதுவும் இல்லை. இருப்பது ஒரு தொழிலாளியிடம் வைக்கும் அளவு பற்றிய கோரிக்கை. பல்லியைப் பாருங்கள். வண்டி எங்கே போகிறது என்று அதற்குத் தெரியாது, சக்கரம் சுற்றச் சுற்ற அதுவும் மேலே கீழே போய்வரும், ஆனாலும் விடாது. ஒரு திருமண வாழ்க்கை முழுவதையும் ஒரு வரிக்குள் வைத்தாயிற்று. பிறகு சாவைப் பற்றித் தனியாக என்ன சொல்ல வேண்டும்? பானையின் வாய் எவ்வளவு அகலம் என்பது மட்டும்தான் பாக்கி.

இந்தத் தாழி வெறும் கற்பனை என்று நினைக்க வேண்டாம். அரிக்கமேட்டுக்கு வந்த பிரெஞ்சு அகழ்வாளர்கள் புதுச்சேரியைச் சுற்றி சுத்துக்கேணி, முத்திரப்பாளையம் பக்கமும் தோண்டிப் பழைய ஈமக்காடுகளை வெளிக்கொண்டு வந்தார்கள். கை கால் மடக்கி வைக்கிற அளவுக்குப் பெரிய தாழியை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு அந்தப் பாட்டைப் படியுங்கள். “அகலிது ஆக” என்கிற இடத்தில் நம் கண் தானாகத் தாழியின் வாயை அளக்கும். வில்லியனூரில் இன்றைக்கும் சுடுமண் வேலை நடக்கிறது. ஒரு குயவர் முன்னால் போய் நின்று அந்தப் பெண் என்ன குரலில் இதைக் கேட்டிருப்பாள் என்று யோசித்துப் பாருங்கள். கெஞ்சல் குரலாக இருக்காது என்பது என் எண்ணம். வேலை சொல்கிற குரல்தான்.

அடுத்து, நம் மாவட்டத்துக்காரர் ஒருவர். பண்ருட்டிக்குப் பக்கத்தில் திருவாமூரில் பிறந்த திருநாவுக்கரசர், அப்பர் என்கிறோமே அவர். கல்லோடு கட்டிக் கடலில் போட்டபோது கரை சேர்ந்த கதையைத் திருப்பாதிரிப்புலியூரில் எல்லாரும் சொல்வார்கள். கரையேறவிட்டகுப்பம் என்று ஊரே இருக்கிறது. “நாமார்க்கும் குடியல்லோம் நமனை அஞ்சோம்” என்று எமனுக்குச் சவால் விட்டதும் அவர்தான். அந்தச் சவாலை மேடையில் நிறையப் பேர் முழங்குகிறார்கள். நான் சொல்ல வருவது அவர் கடைசியாகத் திருப்புகலூரில் பாடியது:

ஒண்ணுளே ஒன்பது வாசல் வைத்தாய்
ஒக்க அடைக்கும்போது உணர மாட்டேன்
புண்ணியா உன்னடிக்கே போது கின்றேன்
பூம்புகலூர் மேவிய புண்ணியனே.

இந்த ஒரு உடம்புக்குள் ஒன்பது வாசல் வைத்துவிட்டாய். எல்லாம் ஒன்றாகச் சாத்தப்படும்போது எனக்கு நினைவு இருக்காது. அதனால் இப்போதே உன் அடிக்குக் கிளம்பிவிட்டேன் என்கிறார். எண்பத்தொரு வயது என்பது மரபு. வாழ்நாள் முழுக்க உழவாரப் படையைத் தூக்கிக்கொண்டு கோயில் பிரகாரங்களில் புல் செதுக்கிய மனிதர். வேலை முடித்துக் கிளம்புகிற ஆளின் யதார்த்தம் இந்த வரிகளில் இருக்கிறது. எனக்குப் பிடித்தது “உணர மாட்டேன்” என்கிற ஒப்புதல்தான். நமனை அஞ்சோம் என்றவர், கடைசி நேரத்தில் தன் புத்தி தன்னிடம் இருக்காது என்று ஒத்துக்கொள்கிறார். அந்த நேர்மை இல்லாமல் போயிருந்தால் இந்தப் பாட்டும் இன்னொரு பக்திப் பாட்டாகப் போயிருக்கும்.

இதுவரை சொன்ன இரண்டிலும் ஒன்று கவனித்திருப்பீர்கள். இரண்டு பேருமே சாவை வர்ணிக்கவில்லை. ஒருத்தி தாழியைப் பார்க்கிறாள், ஒருவர் வாசலைப் பார்க்கிறார். அழகு அந்தப் பார்வையில் இருக்கிறது. சாவையே நேராகப் பார்த்து “நீ எவ்வளவு அழகு” என்று சொல்ல ஆரம்பித்தால் பெரும்பாலும் கவிதை கெட்டுவிடும்.

பெரும்பாலும் என்றுதான் சொன்னேன். புதுச்சேரியில் உட்கார்ந்து ஒருவர் அதையும் செய்து பார்த்தார். பாரதி 1908 முதல் 1918 வரை அங்கே இருந்தார் அல்லவா? அந்தக் காலத்துக் குயில் பாட்டில் வரும் மாஞ்சோலை புதுவைக்கு அருகில்தான். கருவடிக்குப்பத்துத் தோப்பைக் காட்டிக் குயில் தோப்பு என்பார்கள். அங்கே குயில் பாடுகிறது: “காதல் போயிற் காதல் போயிற் சாதல், சாதல், சாதல்.” எதுகையே வேலையை முடித்துவிடுகிறது. காதலும் சாதலும் ஒரே எழுத்து வித்தியாசத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததும் இரண்டும் ஒரே பொருள் மாதிரி காதில் இனிக்கிறது. பதினெட்டு வயசில் இந்த வரியில் மயங்காதவர்கள் குறைவு. ஆனால் சொல்வது யார்? ஒரு குயில். அந்தக் குயிலே அப்புறம் குரங்கிடமும் மாட்டிடமும் அதே காதலைப் பேசுகிறது. கடைசியில் எல்லாம் கவிஞரின் மாலை நேரத்து மயக்கம் என்று முடிகிறது. பாரதி சிரித்துக்கொண்டே எழுதியதை நம் ஆட்கள் பிய்த்தெடுத்துத் தனியாகச் சுவரில் எழுதுகிறார்கள். உங்கள் நண்பர்கள் சொன்ன ஆபத்து இங்கேதான் இருக்கிறது. சாவு இனிக்கிற வரியைத் தனியாக எடுத்துக் கொடுக்கிற யாரையும் நான் நம்ப மாட்டேன். அதுவும் வயசுப் பிள்ளைகள் நடுவில். (கருவடிக்குப்பத்தில்தான் ஊரின் பெரிய மயானமும் இருக்கிறது. குயில் சொன்னதைச் சரிபார்க்க வெகு தூரம் போக வேண்டியதில்லை.)

அதே பாரதி, புதுவையில் சந்தித்த குள்ளச்சாமியைக் குருவாகப் போற்றும் ‘பாரதி அறுபத்தாறு’ என்கிற பாட்டுத் தொகுதியில் வேறு மாதிரிப் பேசுகிறார். நோவாலே மடிந்திட்டான் புத்தன், சங்கராசார்யன் மாண்டான், இராமாநுஜனும் போனான், சிலுவையிலே அடியுண்டு யேசு செத்தான், தீயதொரு கணையாலே கண்ணன் மாண்டான், இராமனும் ஆற்றில் வீழ்ந்தான் என்று ஊர்ச்சாவு கணக்கு மாதிரி ஒப்பித்துவிட்டு, “பார்மீது நான் சாகா திருப்பேன், காண்பீர்!” என்கிறார். அவதாரங்களுக்கும் ஆசாரியர்களுக்கும் அடுத்த வீட்டுக்காரருக்குப் போடுகிற வினைமுற்று. அந்தத் துடுக்குதான் அழகு. 1921 செப்டம்பரில், 39 வயது நிறையும் முன்பே போய்விட்டார். அது தெரிந்த பிறகும் அந்த வரியைப் படித்தால் சிரிப்பு வருகிறது, கூடவே தொண்டையும் அடைக்கிறது.

இனி, உங்கள் நண்பர்கள் பக்கம் நின்று ஒரு பாட்டைப் பார்க்கலாம். பூதப்பாண்டியன் இறந்ததும் அவன் மனைவி பெருங்கோப்பெண்டு தீப்பாயப் போகும்போது பாடியது, புறநானூறு 246. தடுக்க வந்த பெரியவர்களைப் பார்த்து, சிதை உங்களுக்கு அரிதாக இருக்கலாம். என் கணவன் இறந்த பிறகு எனக்குத் தாமரை பூத்த “நள்ளிரும் பொய்கையும் தீயும் ஓரற்றே” என்கிறாள். குளிர்ந்த குளமும் தீயும் ஒன்றுதானாம். இதைக் கற்பின் அழகு என்று சொல்லிக் கொடுத்த ஆசிரியர்கள் உண்டு. ஆனால் இந்த வரிக்கு முன்னால் அவளே ஒரு சாப்பாட்டை வர்ணிக்கிறாள். வெள்ளரி விதை போல வெளிறிய, நெய் படாத, கையால் பிழிந்த சோற்றுருண்டை. எள் துவையல். புளி விட்டு வேகவைத்த வேளைக்கீரை. படுக்கப் பாய் கிடையாது, பருக்கைக் கல்தான். கைம்பெண்ணுக்கு ஊர் வைத்திருந்த வாழ்க்கை அது. அதை இவ்வளவு நுணுக்கமாகச் சொன்ன பிறகுதான் தீ குளமாகிறது. அழகான கடைசி வரியை மட்டும் படித்தால் அவள் காதலுக்காகத் தீயில் இறங்கியதாகத் தோன்றும். முழுசாகப் படித்தால், நெய் இல்லாத அந்தச் சோற்றிலிருந்தும் தப்பித்தாள் என்று தெரியும். பாட்டு பொய் சொல்லவில்லை. நாம்தான் பாதியை மறைத்துப் பாடம் நடத்தினோம்.

இந்த இடத்தில் வடலூர் வள்ளலார் ஞாபகம் வருகிறார். சாவு அழகு என்கிற பேச்சையே ஏற்காத கவிஞர் நம் மாவட்டத்திலேயே இருந்தார் என்பதை உங்கள் வகுப்பில் யாரும் சொன்னார்களா தெரியவில்லை. “மரணமிலாப் பெருவாழ்வில் வாழ்ந்திடலாம் கண்டீர் புனைந்துரையேன் பொய்புகலேன் சத்தியஞ்சொல் கின்றேன்” என்று கையைப் பிடித்துக் கூப்பிட்டவர். செத்தவரைச் சுட வேண்டாம், புதையுங்கள். கருமாதிச் சடங்கு வேண்டாம். கணவன் இறந்தால் மனைவி தாலியைக் கழற்ற வேண்டாம் என்று தன் அன்பர்களுக்குச் சொன்னவர். பெருங்கோப்பெண்டின் பாட்டுக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். 1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் அறைக்குள் போனவர் மறுபடி வெளியே வரவில்லை. அன்பர்கள் அதைச் சாவு என்று சொல்வதில்லை. அவர் பாட்டில் ஜோதி அழகு, பசித்தவன் சாப்பிடுவது அழகு. சாவுக்கு அங்கே இடமே கிடையாது. சாவை அழகாகப் பாட வேண்டும் என்கிற கட்டாயம் கவிதைக்கு இல்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது.

காரைக்கால் அம்மையார் இன்னொரு தினுசு. காரைக்கால் நிர்வாகப்படி புதுச்சேரியோடு சேர்ந்தது என்பதால் உள்ளூர்க் கணக்கில் அவரையும் சேர்த்துக்கொள்கிறேன். “கொங்கை திரங்கி நரம்பெழுந்து குண்டுகண் வெண்பல் குழிவயிற்று” என்று ஆரம்பித்துச் சுடுகாட்டுப் பெண்பேயை எலும்பு எலும்பாகக் காட்டுகிறார். எதையும் மெழுகவில்லை. அந்தக் காட்டுக்கு நடுவில் “அங்கங் குளிர்ந்து அனல் ஆடும் எங்கள் அப்பன்” வருகிறார். ஆடுகிறவர் உடம்பு குளிர்ந்திருக்கிறது, சுற்றிலும் நெருப்பு. அருவருப்பை அப்படியே விட்டுவிட்டு அதற்குள் அழகைக் கொண்டுவர முடியும் என்று காட்டியவர் இவர். மயானக் கொள்ளை அன்று சுடுகாட்டுக்குப் போய்ப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

அரவிந்தர் பற்றியும் கேட்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. புதுச்சேரியில் இருந்து பல வருஷம் திருத்தித் திருத்தி அவர் எழுதிய சாவித்திரி காவியத்தில் எமனோடு நீண்ட வாதம் நடக்கிறது. எமனுக்கு அவர் நல்ல வசனங்களாகக் கொடுத்திருக்கிறார், அதுதான் அந்தக் காவியத்தின் பலம். தோற்கப் போகிறவன் முட்டாளாக இருந்தால் வாதத்தில் சுவை ஏது? ஆங்கிலத்தில் படிக்கப் பொறுமை வேண்டும். இப்போதைக்கு உங்களுக்கு அவசரமில்லை.

அழகு எங்கே பொய்யாகிறது என்பதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள். தேவனாம்பட்டினத்தில் கேட்டுப்பாருங்கள். மாவட்டத்தில் 600 பேருக்கு மேல் போனார்கள், அதில் குழந்தைகள் எத்தனையோ. அதற்குப் பிறகு நடந்த அஞ்சலிக் கூட்டங்களில், கடலன்னை தன் பிள்ளைகளை மடியில் சேர்த்துக்கொண்டாள் என்கிற மாதிரிக் கவிதைகளும் வாசிக்கப்பட்டன. எழுதியவர்கள் கெட்டவர்கள் இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள் என்பதை மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். அவள் கடலை அன்னை என்று சொல்லவில்லை. மண்ணை வாரிக் கடல் மேல் தூற்றினாள்.

நான் ஒரு கவிதையைச் சோதிப்பது இப்படித்தான்: சாவு வீட்டில், பெஞ்சு போட்டு உட்கார்ந்திருக்கிறவர்கள் நடுவில், இதை வாசிக்க முடியுமா? தாழிப் பாட்டை வாசிக்கலாம். அப்பரை வாசிக்கலாம், தேவாரம் அங்கே பாடத்தான் செய்கிறார்கள். கடலன்னை கவிதையை வாசிக்க முடியாது. “மரணம் ஒரு முற்றுப்புள்ளி அல்ல, காற்புள்ளி” என்கிற வகையறாவையும் முடியாது. அங்கே அழுதுகொண்டிருப்பவருக்கு இலக்கணக் குறி எதற்கு?

அந்தச் சோதனையில் முழு மதிப்பெண் வாங்குவது ஒப்பாரி. பெண்கள் தோளோடு தோள் கட்டி வட்டமாக உட்கார்ந்து பாடும்போது கவனியுங்கள். செத்தவரைப் பொன்னே, மயிலே, ராசாவே என்று கொண்டாடுவார்கள். ஆனால் ஒவ்வொரு கொண்டாட்டத்துக்கும் பின்னால் ஒரு குறை தொங்கும். சீர் கொண்டுவர இனி யார் இருக்கிறார், என்னை எந்த வீட்டில் தள்ளிவிட்டுப் போனாய், அண்ணி மதிக்கிறாளா என்று. புலம்புகிறவள் பாதி நேரம் தன் கதையைத்தான் சொல்லி அழுகிறாள். செத்தவர் அழகு, சாவு அநியாயம். இரண்டையும் குழப்பிக்கொள்ளவே மாட்டார்கள். பட்டினத்தாரும் தாயை எரிக்கும்போது இந்த வழியில்தான் போகிறார்:

அரிசியோ நானிடுவேன் ஆத்தாள் தனக்கு
வரிசையிட்டுப் பார்த்து மகிழாமல் உருசியுள்ள
தேனே அமிர்தமே செல்வத் திரவியப்பூ
மானே எனஅழைத்த வாய்க்கு.

வாய்க்கரிசி போடக் கையில் அரிசியோடு நிற்கிறவர், அந்த வாய் தன்னை என்னென்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டது என்று அடுக்குகிறார். கடைசிச் சொல் வரும்வரை யாரைப் பற்றிய அடுக்கு என்று பிடிபடாது. “வாய்க்கு” என்று வந்ததும் அரிசி எங்கே விழப்போகிறது என்று தெரிகிறது. துறவிக்கே இந்த நிலை.

இப்போது உங்கள் கவிதை. பதினாறு வரியில் மூன்று இடம் நன்றாக இருக்கிறது. ஆயாவின் இடுப்புச் சுருக்குப்பையை யார் அவிழ்ப்பது என்று மருமகள்கள் தயங்கி நின்ற இடம். கொள்ளிக்குடத்தில் ஓட்டை போட்டதும் பெரியப்பாவின் தோளில் தண்ணீர் வழிந்து, அவர் குளிரில் நடுங்கினாரா அழுதாரா என்று தெரியாமல் போன இடம். அப்புறம் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லியும் நீங்கள் திரும்பிப் பார்த்தது. இந்த மூன்றிலும் அழகு என்று ஒரு சொல்கூட நீங்கள் போடவில்லை. நட்சத்திரம் ஆனாள், காற்றில் கலந்தாள், பூவாய் உதிர்ந்தாள் என்று வரும் வரிகள் அஞ்சலி பேனரிலிருந்து வந்தவை. கண்ணீர் அஞ்சலி பேனர் எழுதுகிறவர் அதை உங்களைவிட வேகமாக எழுதுவார், படத்துக்குப் பின்னால் ஒளிவட்டமும் சேர்த்துக் கொடுப்பார். அவற்றை அடித்துவிடுங்கள். “ஆயா சிரித்தபடி கிடந்தாள்” என்கிற வரியைப் பற்றி மட்டும் எனக்கு முடிவு இல்லை. நிஜமாகவே சிரித்தபடி இருந்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். கவிதைக்காகச் சேர்த்தது என்றால் எடுத்துவிடுங்கள். உங்கள் அத்தை படித்தால் கண்டுபிடித்துவிடுவார்.

மேற்கொண்டு படிக்க விரும்பினால் புறநானூற்றில் 192ஐயும் பாருங்கள். “சாதலும் புதுவது அன்றே” என்று அலட்டிக்கொள்ளாமல் சொல்லிவிட்டு, மழைவெள்ளத்தில் கல்லில் மோதிக்கொண்டு போகும் ஆற்றில் புணை, அதாவது தெப்பம், போகிற மாதிரி உயிர் போகும் என்கிறது. எல்லாரும் அதன் முதல் வரியான “யாதும் ஊரே யாவரும் கேளிர்” என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். குறளில் நிலையாமை அதிகாரத்தை உரையோடு படியுங்கள். காரைக்கால் அம்மையாருக்கு நல்ல உரை இல்லாமல் இறங்க வேண்டாம், பேய்களின் உறுப்புப் பெயர்களிலேயே நின்றுவிடுவீர்கள். வகுப்பில் சண்டைக்கு வந்த நண்பர்களுக்குப் பெருங்கோப்பெண்டு பாட்டை முழுசாகக் கொடுங்கள். அந்தச் சோற்றுருண்டை வரிகளை வைத்து அவர்கள் இன்னும் நன்றாகச் சண்டை போடலாம்.